கேஸ் முப்பத்தொன்று

வானதி வேதியியல் படித்தவள். மூன்று வருஷம் கும்பகோணத்துக்கு பஸ்ஸில் போய்வந்து பட்டம் வாங்கியவள். திருவிடைமருதூர்க் கல்யாண மண்டபத்தில் நடந்த முகாமில் அந்த ஒப்புதல் காகிதத்தை நீட்டியபோது, வரிசையில் நின்ற மற்ற கர்ப்பிணிகள் எங்கே கையெழுத்துப் போடணும் என்று கேட்டுக்கொண்டிருக்க, அவள் மட்டும் உட்கார்ந்து வாசித்தாள். ஆங்கிலத்தில் நாலு பக்கம். கர்ப்ப காலத்து ரத்தக் கொதிப்பில் நுண் தாதுக்களும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும் என்று தலைப்பு. துத்தநாகம், செம்பு, செலினியம், மெக்னீசியம். எல்லாமே அவளுக்குப் பழகிய பெயர்கள். முதல் பக்கத்தை முடிப்பதற்குள் ஒரு பெருமை வந்து உட்கார்ந்துகொண்டது. மிச்ச மூன்று பக்கத்தையும் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன் கன்னத்திலேயே அறைந்துகொள்ளத் தோன்றும்.

அது 2003 கார்த்திகை. ஆற்றில் நேரத்துக்குத் தண்ணீர் வராமல் இரண்டு வருஷமாகக் குறுவை இல்லை. அவர்கள் ஊரான நடுவாய்க்கரையில் வயசுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். வானதியின் கணவன் தமிழரசனும் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் மாமனார் வீரையன், மாமியார் அகிலாண்டம், ஐந்து மாத வயிற்றோடு வானதி.

முகாமை நடத்தியது தஞ்சாவூரில் இருந்த ஒரு தனியார் ஆய்வு மையம். வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண்கள் பிரஷர் பார்த்தார்கள், சிறுநீர் பிடித்துத் தரச் சொன்னார்கள், கையில் இரண்டு குழாய் ரத்தம் எடுத்தார்கள். போகும்போது ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா, ஒரு பொட்டலம் சத்துமாவு. "சத்துப் பரிசோதனை" என்றுதான் ஊரில் அதற்குப் பெயர்.

தை மாதம் இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள். அன்றைக்கு வானதிக்குக் கால் வீங்கி, செருப்பு ஏறவில்லை. பிரஷர் பார்த்த பெண் ஒரு தடவை பார்த்தாள். கையை மாற்றி இன்னொரு தடவை பார்த்தாள். எழுந்து உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து மூன்றாம் தடவையும் பார்த்துக் காகிதத்தில் எழுதினாள்.

"எவ்வளவுங்க இருக்கு?" என்று வானதி கேட்டாள்.

"எல்லாம் நல்லா இருக்குக்கா. இன்னிக்கு மட்டும் ரெண்டு டியூப் கூட எடுத்துக்கறோம்."

எதற்குக் கூட இரண்டு என்று வானதி கேட்கவில்லை. கையை நீட்டினாள்.

மறுவாரம் ஊர் நர்ஸ் பிரகதாம்பாள் ஆள் அனுப்பினாள். எட்டாம் மாதம் நெருங்குகிறது, வந்து பிரஷர் பார்த்துக்கொண்டு போகச் சொன்னாள். "தஞ்சாவூர்லேருந்து பெரிய டாக்டருங்களே வந்து பாத்துட்டாங்க. இந்தக் காலோட நீ ஏன் நடக்கணும்?" என்றாள் அகிலாண்டம். அது சரி என்றுதான் வானதிக்கும் பட்டது.

அதற்கப்புறம் நாலே நாள். முந்தின நாளே தலைவலி தொடங்கிவிட்டது. காலையில் எழுந்தபோது கண்ணுக்கு முன்னால் பொடிப்பொடியாக வெளிச்சம் பறந்தது. சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்ததால் வீரையன் களத்தில் இருந்தார். பத்து மணி வாக்கில் கொல்லையில் அடிபம்புக்குப் பக்கத்தில் வானதி விழுந்து கிடந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரத்தில் ரத்த நுரை. அகிலாண்டம் போட்ட கூச்சலில் அடுத்த தெரு சித்தீக் ஓடிவந்தான். துபாயிலிருந்து திரும்பிவந்து ஆம்னி வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். அவனும் களத்திலிருந்து ஓடிவந்த வீரையனும் அவளைத் தூக்கி வண்டியில் போட்டார்கள். போகும் வழியில் இன்னொரு தடவை இழுத்தது.

கும்பகோணம் ஆஸ்பத்திரியில் மெக்னீசியம் ஊசி போட்டு இழுப்பை நிறுத்தி, வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டரம்மா வீரையனைக் கூப்பிட்டு, "கடைசியா எப்பப் பிரஷர் பாத்தீங்க?" என்று அதட்டினாள்.

"பத்து நாள் கூட ஆவலைங்க. நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

வீரையனுக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை.

பெண் குழந்தை. ஒன்றே கால் கிலோ. இரண்டாம் நாள் சாயங்காலம் போய்விட்டது. வானதிக்கு நன்றாக நினைவு திரும்பியது மூன்றாம் நாள். அதற்குள் வீரையன் ஒரு துண்டில் சுற்றி எடுத்துப் போய்ப் புதைத்துவிட்டு வந்திருந்தார். தாய் முகம் பார்க்காத பிள்ளை, பிள்ளை முகம் பார்க்காத தாய். ஆனால் உடம்புக்கு அது தெரியவில்லை. ஐந்தாம் நாள் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகிவிட்டது. பால் வற்றுவதற்காக அகிலாண்டம் மல்லிகைப் பூவை நெருக்கிக் கட்டி மார்பில் வைத்துத் துணியால் இறுக்கினாள். அந்த வாசனையில் வானதிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஒரே கேள்விதான் மண்டைக்குள் ஓடியது. மூன்று தடவை பார்த்தாளே, என்ன எழுதினாள்?

சிங்கப்பூரிலிருந்து தமிழரசன் போன் செய்தான். அவன் குரலும் உடைந்திருந்தது. "யார் மேல கோவப்பட்டு என்ன ஆவப் போவுது வானதி? நம்ம நேரம். விடு."

"நேரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது ஒரு எண்ணு. அன்னிக்கு என் கையில கட்டிப் பாத்து எழுதினாங்க. அது என்ன எண்ணுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

நாற்பது நாள் கழிந்த மறுநாள் காலையில் தலையைச் சீவிக்கொண்டு கிளம்பினாள். அகிலாண்டம் குறுக்கே வந்து நின்றாள். வீரையனும் தடுப்பார் என்று வானதி எதிர்பார்த்தாள். அவர் அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர். சட்டையை மாட்டிக்கொண்டு, "இரும்மா, நானும் வர்றேன். சித்தீக்கை வண்டி எடுக்கச் சொல்லிட்டேன்" என்றார்.

ஆய்வு மையம் தஞ்சாவூரில் ஒரு மாடிக் கட்டடம். பளிங்குத் தரை, ஏசி. தலைமை ஆய்வாளர் டாக்டர் இராஜாங்கம் ஐம்பது வயதுக்காரர். மென்மையாகப் பேசுகிறவர். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து நின்று வருத்தம் சொன்னார், காபி வரவழைத்தார். வானதி வேதியியல் படித்தவள் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்ப உங்களுக்குச் சொன்னாப் புரியும்மா. நஞ்சுக்கொடிக்குப் போற ரத்தம் குறைஞ்சா அங்கேருந்து சில பொருள்கள் கிளம்பி ரத்தக் குழாயோட உள்சுவரை அரிக்குது. இரும்புல துரு ஏறுதுல்ல, ஏறக்குறைய அது மாதிரி. அதைத் தடுக்கற நொதிகளுக்குத் துத்தநாகம், செம்பு, செலினியம் இதெல்லாம் துளித்துளி வேணும். உங்க ரத்தத்துல துத்தநாகம் ரொம்பக் கம்மி. அந்தத் துரு ஏறின அளவு இருக்கே, எங்க கேஸ்லயே உங்களுதுதான் அதிகம். ரொம்ப முக்கியமான சாம்பிள்மா அது."

அவர் மேஜைமேல் இருந்த ஃபைலின் மூலையில் கேஸ் 31 என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

"துத்தநாகம் கம்மியா இருந்ததாலதான் எனக்கு வந்துச்சா?"

"அப்படி உறுதியாச் சொல்ல முடியாது. கம்மியானதால நோய் வருதா, நோய் வந்ததால கம்மியாவுதான்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியல. அதுக்குத்தானே ஆராய்ச்சியே."

"இந்த அளவெல்லாம் எப்பத் தெரிஞ்சுது?"

"எல்லா ரத்தத்தையும் உறைய வெச்சு ஒண்ணாத்தான் மெஷின்ல ஓட்டுவோம். போன வாரம்தான் வந்துச்சு."

"பிரஷர்?"

இராஜாங்கம் காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார். "அது... அன்னிக்கே தெரியும்."

வானதி ஃபைலைத் தன் பக்கம் இழுத்தாள். அவர் தடுக்கவில்லை. நூற்று ஐம்பத்தாறு, நூற்று நாலு. மூன்று தடவையும் எழுதியிருந்தது, ஒன்றிரண்டு கூடக்குறைய. சிறுநீரில் புரதம், இரண்டு பிளஸ். தேதி, நேரம், கையெழுத்து. அடுத்த தாளைப் புரட்டினாள். மஞ்சள் நிறத்தில் ஒரு சீட்டு. அவள் பெயர், வயது, ஊர். 'உடனடியாக அரசு மருத்துவமனையில் சேரவும்' என்று தமிழில் அச்சடித்திருந்தது. கீழே கார்பன் வைத்து எழுதிய நகலும் அப்படியே இருந்தது. இரண்டையும் சேர்த்து ஃபைலில் பின் அடித்திருந்தார்கள்.

"இது எனக்குக் கொடுக்கறதுக்கு எழுதினது. இது ஏன் இங்க இருக்கு?"

"பாருங்கம்மா, ரெஃபர் பண்ணினா அங்க உடனே மாத்திரை ஆரம்பிச்சுடுவாங்க. ஆரம்பிச்சா அளவெல்லாம் மாறிடும். இன்னும் ஒரு தடவை ரத்தம் எடுத்துட்டு அப்புறம் அனுப்பிக்கலாம்னுதான்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே அப்போதுதான் கேட்டது போலிருந்தது.

வானதி பேச வாயெடுப்பதற்குள் பேசியது வீரையன்.

"ஐயா, நான் விவசாயி. போன வருஷம் வயல் மண்ணை ஒரு பையில அள்ளிக்கிட்டுப் போய்ப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். அட்டையில எழுதிக் கொடுத்தாங்க. துத்தநாகம் கம்மியா இருக்கு, ஏக்கருக்குப் பத்துக் கிலோ சிங்க் சல்பேட் போடுன்னு. வாசிச்சும் காமிச்சாங்க. வெறும் மண்ணுய்யா அது!" அவர் குரல் உயர்ந்தது. வானதி அந்தக் குரலை அதுவரை கேட்டதில்லை. "எங்க வீட்டுப் புள்ள ரத்தத்தைக் குழாய் குழாயா எடுத்தீங்களே, மண்ணுக்குக் குடுக்கற அட்டை கூட அவளுக்குக் கிடையாதா? என் பேத்தியை இந்தக் கையால புதைச்சிட்டு வந்திருக்கேன்யா!"

வாசலில் வெள்ளைக் கோட்டுகள் எட்டிப்பார்த்தன. இராஜாங்கம் கையைக் கூப்பினார். "பெரியவரே, நாங்க ஆராய்ச்சிக்காரங்க. சிகிச்சை எங்க பொறுப்புல வராது. அந்தக் காகிதத்துல மூணாம் பக்கத்துல அது தெளிவா இருக்கு. உங்க மருமக படிச்சுத்தான் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

அப்போதுதான் வானதி வாயைத் திறந்தாள்.

"மத்தவங்க எங்க?"

"யாரும்மா?"

"நான் முப்பத்தொண்ணு. மீதிப் பேரு எங்க? அவங்களுக்கும் சீட்டு இப்படித்தான் பின் அடிச்சு வெச்சிருக்கீங்களா?"

அவர் கண் ஒரு விநாடி பக்கத்து மேஜைக்குப் போனது. அங்கே நீளமான ஒரு பதிவேடு விரித்துக் கிடந்தது. வானதி எழுந்து போய்ப் பார்த்தாள். பெயர், ஊர், பிரஷர், பிரசவத் தேதி. கடைசிக் கட்டத்தில் 'முடிவு'. தன் பெயருக்கு நேரே அந்தக் கட்டத்தில் இரண்டு சொல் இருந்தது: 'சிசு மரணம்'. அந்தப் பக்கத்திலேயே நாலு பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது. நாலுக்கும் பிரஷர் நூற்று ஐம்பதுக்கு மேல்.

தாளைப் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தாள்.

"அம்மா! அது ரகசியமா வெச்சிருக்க வேண்டிய விவரம்! சட்டப்படி தப்பு!" இராஜாங்கத்தின் மென்மையெல்லாம் போய்விட்டது.

"யாருகிட்டேருந்து ரகசியம்? அந்தப் பொம்பளைங்ககிட்டேருந்துதானே மறைச்சு வெச்சிருக்கீங்க? போலீசைக் கூப்பிடுங்க. நானும் அவங்ககிட்டதான் போவணும்."

ஒருவரும் அவளைத் தொடவில்லை. தாளை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.

முதல் பெண் பாபநாசத்துப் பக்கம். அவள் வீட்டு வாசலில் தொட்டில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஊர் நர்ஸ் பார்த்துக் கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தாள். தாயும் பிள்ளையும் நலம். இரண்டாவது பெண் மன்னார்குடியில் தாய்வீட்டில் இருந்தாள். புகுந்த வீட்டுக்காரர்கள் கொடுத்த நம்பருக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து வானதி பேசினாள். அவள் அண்ணன் எடுத்தான். இன்றைக்கே கூட்டிப்போய்ப் பிரஷர் பாருங்கள் என்று ஆறு தடவை திருப்பித் திருப்பிச் சொல்லி, அவனையும் சொல்லவைத்தாள்.

மூன்றாவது பெயர் செங்கமலம், வயது இருபத்திரண்டு. வீட்டை விசாரித்தபோதே தெருவில் இருந்தவர்கள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. கதவைத் திறந்தவர் அவளுடைய அப்பா நல்லக்கண்ணு. அவருக்குப் பின்னால் சுவரில் கல்யாணக் கோலத்தில் ஒரு பெண்ணின் படம், புது மாலை. ஐந்து நாளாகிறதாம். மாப்பிள்ளை மலேசியாவிலிருந்து வந்து சேரும்வரை பிணத்தை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்களாம்.

"காக்கா வலிப்புன்னு சொன்னாங்கம்மா" என்றார் நல்லக்கண்ணு. "எங்க வம்சத்துலயே யாருக்கும் கிடையாது. எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல."

வானதி தாளை நீட்டவில்லை. அவர் கையைப் பிடித்து, "நான் திரும்பி வர்றேங்கப்பா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டிக்கு ஓடினாள். "சித்தீக், சீக்கிரம்" என்றாள். வீரையன் முன் சீட்டில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

நாலாவது பெயர் ஹாஃபிஸா. ஆடுதுறையைத் தாண்டி ஒரு சின்ன ஊர், பள்ளிவாசல் தெரு. அவள் புருஷன் அப்சர் ஷார்ஜாவில் இருந்தான். மாமியார் ஹலீமாவும் ஹாஃபிஸாவும் மட்டும் வீட்டில் இருந்தார்கள். ஹாஃபிஸாவைப் பார்த்ததுமே வானதிக்குத் தெரிந்துவிட்டது. முகம் ஊதி, கண் இடுங்கி, மோதிரம் விரலில் புதைந்து கிடந்தது.

"தலை வலிக்குதா?"

"ரெண்டு நாளாக்கா. மாத்திரை போட்டும் நிக்கல."

"கண்ணுல பூச்சி பறக்குற மாதிரி இருக்கா?"

ஹாஃபிஸா வியந்துபோய்த் தலையை ஆட்டினாள்.

ஹலீமா நடுவில் வந்தாள். "நீ யாரும்மா? தஞ்சாவூர் டாக்டரம்மா போன மாசம் பாத்துட்டு எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னாங்களே."

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க. எம் புள்ளையைப் புதைச்சு ஒன்றரை மாசம் ஆவுது. இதைப் பாருங்க, உங்க மருமக பேரு. நூத்தி அறுபது, நூத்திப் பத்து. அவங்க கையெழுத்துதான். கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

ஹலீமா தயங்கினாள். "ஆம்பளை இல்லாத வீடும்மா. மவன்கிட்ட போன்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு..."

"வண்டியில ஏறிட்டுக் கேளுங்க!" வானதி கத்திய கத்தலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. "அவரு ஷார்ஜாவுல இருக்காரு. பிரஷர் இங்க இருக்கு!"

சித்தீக் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். "மாமி, நான் நடுவாய்க்கரை சித்தீக். இவங்களை அன்னிக்குத் தூக்கிட்டுப் போனது இதே வண்டியிலதான். அந்த இழுப்பை என் கண்ணால பாத்தேன். நம்ம புள்ளைக்கு அது வேணாம் மாமி. ஏறுங்க."

ஹலீமா துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது நூற்று எழுபத்தெட்டு. இழுப்பு வருவதற்குள் ஊசி போட்டுவிட்டார்கள். மறுநாள் காலை ஆபரேஷன். ஆண் குழந்தை, ஒன்பதே கால் மாதத்துக்கு இரண்டு கிலோகூட இல்லை. ஆனால் வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதது. ஹலீமா வானதியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அல்லாதான் ஒன்னைய எங்க வாசலுக்கு அனுப்பினான். வா, வந்து புள்ளையத் தூக்கு."

வானதி தூக்கவில்லை. எல்லோரும் அவள் சந்தோஷப்பட வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒரு தாள், ஒரு வண்டி, வாசலில் நின்று கத்த ஓர் ஆள், இவ்வளவுதானே? தன் வாசலுக்கு ஏன் ஒருத்தரும் வரவில்லை? செங்கமலம் வாசலுக்கு? விறுவிறுவென்று வெளியே போய்க் குழாயடியில் முகத்தில் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவினாள். ரவிக்கை முழுக்க நனைந்தது.

மறுவாரம் வானதியும் நல்லக்கண்ணும் போய் மாவட்ட அதிகாரியிடம் மனுக் கொடுத்தார்கள். கிழித்த தாளின் நகலை இணைத்தார்கள். விசாரணை வர ஆறு மாதம் ஆயிற்று. ஹாஃபிஸா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாட்சி சொல்ல வந்தாள். இராஜாங்கம் தரப்பில், சீட்டைக் கொடுக்க மறந்தது முகாமில் இருந்த உதவியாளரின் கவனக்குறைவு என்றும், அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நீக்கிவிட்டதாகவும் எழுதிக் கொடுத்தார்கள்.

வானதி எழுந்தாள். "அந்தப் பொண்ணு மறக்கலைங்க. எழுதினா. உள்ள போய்க் கேட்டா. கேட்ட இடத்துல 'குடுக்காதே'ன்னு சொன்னது யாருன்னு அவளைக் கூப்பிட்டுக் கேளுங்க. இவரு என்கிட்டயே சொன்னாரு. எங்க மாமா பக்கத்துலதான் இருந்தாரு."

அதிகாரி எழுதிக்கொண்டார். அந்தப் பெண்ணைக் கூப்பிடவேயில்லை. மாவட்டத்தில் முகாம் நடத்த மையத்துக்குத் தடை போட்டார்கள். அத்தோடு முடிந்தது. வெளியே வரும்போது இராஜாங்கம் பக்கத்தில் வந்து, மெதுவான குரலில், "மன்னிச்சுக்கம்மா" என்றார்.

"முடியாது" என்றாள் வானதி.

அடுத்த வருஷம் தமிழரசன் விடுமுறைக்கு வந்தான். இருவரும் தஞ்சாவூருக்குத் துணி எடுக்கப் போனார்கள். பஸ் அந்தத் தெருமுனையில் சிக்னலுக்காக நின்றது. அதே மாடிக் கட்டடம். போர்டில் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். வானதி கம்பியைப் பிடித்திருந்த கை இறுகியதைத் தமிழரசன் பார்த்தான்.

"இன்னுமா?" என்றான், கொஞ்சம் பயத்தோடு.

"இன்னும்தான்."

பின்னால் ஆரன் அடித்தார்கள், பஸ் நகர்ந்தது. அந்தப் புதுப் பெயரை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள் வானதி. வீட்டுக்குப் போனதும் எழுதிவைக்க வேண்டும்.